அலிபாக்: புனே மறந்துபோன கடல்

புனேவிலிருந்து அலிபாக் போக மலையிறங்க வேண்டும். லோணாவளா வரை மேட்டுநிலக் காற்று. அதற்கப்புறம் கண்டாலா வளைவுகளில் இறங்கி கோபோலியைத் தொட்டதும் காற்றின் குணமே மாறிவிடும். கார்க் கண்ணாடியை இறக்கினால் முகத்தில் ஒரு பிசுபிசுப்பு. வேதாரண்யம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது போதும், மனசு கடலுக்குப் போய்விடும். இந்த பிப்ரவரியில் அப்பாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். “உங்க ஊர்ல எல்லாம் இருக்கு, கடல்தான் இல்ல” என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

பேண் ஊரைத் தாண்டும்போது சாலையோரப் பட்டறைகளில் வண்ணம் பூசாத பிள்ளையார்கள் வரிசையாக நின்றார்கள். புனே வீடுகளில் ஆவணியில் உட்காரும் கணபதிகளில் பலர் இங்கே பிறந்தவர்கள். வட்கலில் கோவா சாலையை விட்டு மேற்கே திரும்பினால் வயலும் உப்பங்கழியும் மாறி மாறி வரும், பிறகு அலிபாக். புறப்பட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர்.

புனேவிலும் மும்பையிலும் அலிபாக் என்றால் வாரக்கடைசி. கடற்கரைப் பங்களா, பொரித்த மீன், குதிரை வண்டி, திங்கள் காலை திரும்பிவிடலாம். மும்பைக்காரர்களுக்கு கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்டவாவுக்குப் படகு இருக்கிறது. 2020 முதல் காரோடு ஏறி இறங்கும் ரோ-ரோ கப்பலும் வந்துவிட்டது. ஊர் அவர்களை நம்பித்தான் இருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்னூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஆங்கிலேயர், போர்த்துக்கீசியர், ஜஞ்சிராத் தீவுக்கோட்டையை ஆண்ட சித்திகள் என்று மூன்று கடற்படைகளின் தூக்கத்தைக் கெடுத்த ஊர் இது. அந்தக் கதையில் புனேவுக்கும் ஒரு பங்கு உண்டு, பெருமைப்படும்படியான பங்கு அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கடற்கரையில் நின்றதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: “அது என்ன தீவா, கோட்டையா?”

கோட்டைதான். குலாபா கோட்டை. கரையிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி கடலுக்குள் கருங்கல்லாக நிற்கிறது. நாங்கள் போன நேரம் நீர் வற்றிக்கொண்டிருந்தது. குதிரை வண்டிக்காரர் கையைக் காட்டி, “தாயி, அரை மணி பொறுங்க. பாபாவை வண்டியிலேயே கூட்டிப் போறேன். தண்ணி திரும்புறதுக்குள்ள வந்துடணும்” என்றார். அப்பா நம்பவில்லை. கடலுக்குள் வண்டி எப்படிப் போகும் என்பது அவர் கேள்வி. எங்கள் கோடியக்கரைப் பக்கம் பௌர்ணமி ஓதம்கூட ஒரு மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். கொங்கண் கரையில் கடலடி வெகுதூரத்துக்கு ஆழமில்லாமல் பரந்து கிடக்கிறது. வடக்கே போகப் போக, கம்பாத் வளைகுடாவை நெருங்க நெருங்க ஓதம் இன்னும் கூடும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். கொஞ்ச நேரத்தில் அலை நின்ற இடத்தில் ஈர மணல் விரிந்தது, வண்டி கிளம்பியது. கணுக்கால் தண்ணீரில் குதிரை நடக்க, அப்பா சின்னப் பையனைப் போல இரண்டு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தார்.

இந்த ஓதத்தைப் பார்க்காமல் மராத்தியரின் கடற்படையைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். இவர்களுடைய பெரிய கப்பல் குராப். இரண்டு, மூன்று பாய்மரம், ஆனால் ஆழம் குறைவான அடிப்பகுதி. அதற்குத் துணையாக கல்பத் என்ற சிறிய, துடுப்புப் போட்டு விரையும் படகுகள். காற்று விழுந்துவிட்டால் ஐரோப்பியக் கப்பல் நின்ற இடத்தில் நிற்கும். அப்போது கல்பத்துகள் குராப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பின்பக்கமாக வந்து சுடும். துரத்தினால் ஆழமில்லாத கழிமுகத்துக்குள் நுழைந்துவிடும். பெரிய கப்பல் தரைதட்டாமல் அங்கே வர முடியாது. நிலத்தையும் நீரையும் இப்படி அறிந்தவர்கள் கட்டிய கோட்டை இது.

கோட்டை வேலையை 1680இல் சிவாஜி தொடங்கிவைத்தார். அதே ஆண்டு அவர் இறந்துபோக, மகன் சம்பாஜி காலத்தில் முடிந்தது. மதில் ஏறக்குறைய 25 அடி உயரம். வெளிச்சுவரில் பல இடங்களில் சாந்து இல்லை. பெரிய பெரிய கருங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறார்கள். அலை மோதும்போது தண்ணீர் அந்த இடுக்குகளில் புகுந்து வேகமிழந்துவிடும். சாந்து பூசி அடைத்திருந்தால் சுவர் முழு அடியையும் வாங்கியிருக்கும். முன்னூற்று நாற்பது மழைக்காலங்களுக்கு அப்புறமும் சுவர் நிற்கிறது. உள்ளே, பின்னாளில் இந்தக் கோட்டையை ஆண்ட ஆங்ரே குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சித்திவிநாயகர் கோயில், பக்கத்தில் படிக்கட்டோடு ஒரு குளம், நன்னீர்க் கிணறு. நாலு பக்கமும் உப்புக் கடல், நடுவில் குடிக்கிற தண்ணீர்! அப்பா நெடுநேரம் அந்தக் கிணற்றடியிலேயே நின்றார். எங்கள் பக்கத்தில் மணல்மேட்டில் ஊற்று தோண்டி நல்ல தண்ணீர் எடுத்த தலைமுறை அவருடையது, அவருக்கு அதன் அருமை தெரியும்.

வடக்கு மதிலில் சக்கரம் வைத்த இரண்டு பீரங்கிகள் இருக்கின்றன. எல்லோரும் அவற்றின்மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், “கான்ஹோஜி ஆங்ரேயின் தோப்” என்று குழந்தைகளுக்குச் சொல்கிறார்கள். குனிந்து படித்தால் யார்க்‌ஷயரில் இருந்த லோ மூர் இரும்பாலையின் பெயரும் 1849 என்ற ஆண்டும் பொறித்திருக்கும். அந்தக் குடும்பத்தின் பெயர்பெற்ற கடற்படைத் தலைவர் கான்ஹோஜி இறந்தது 1729இல். ஆங்ரேக்களின் சிறு ராஜ்யம் வாரிசில்லை என்று கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது 1840களில். ஆக, தோற்றவர்களின் மதில்மேல் வென்றவர்கள் கொண்டுவந்து வைத்த பீரங்கி அது. பக்கத்தில் ஒரு சிறு பலகை வைத்து இதை எழுதிவிட்டால், பார்க்க வரும் பிள்ளைகள் உண்மையான கதையோடு வீட்டுக்குப் போவார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டைக்கு இது பெரிய செலவில்லை.

கான்ஹோஜி ஆங்ரேயைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1669இல் பிறந்தவர். மராத்தா கடற்படைத் தலைவருக்கான சர்கேல் என்ற பட்டம் பெற்றவர். அந்த நேரத்தில் அரபிக்கடலில் கப்பல் ஓட்ட வேண்டுமானால் போர்த்துக்கீசியரிடம் காசு கொடுத்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கப்பலைப் பிடித்துக்கொள்வார்கள். நம் கடலில் நாம் போக அவர்களிடம் சீட்டு! கான்ஹோஜி அதே முறையைத் திருப்பிப்போட்டார். இது எங்கள் கரை, இந்தக் கடலில் போகிறவர்கள் எங்களிடம் தஸ்தக் வாங்குங்கள் என்றார். வாங்காத கப்பலைப் பிடித்தார், கம்பெனிக் கப்பல்கள் உட்பட. ஆங்கிலேய ஆவணங்களில் அவர் பெயர் கடற்கொள்ளையன். போர்த்துக்கீசியர் செய்தால் ஆட்சியுரிமை, மராத்தியர் செய்தால் கொள்ளை. அந்தச் சொல்லை நம் பாடப்புத்தகங்களும் பயணக் கையேடுகளும் இன்னும் கூச்சமில்லாமல் எடுத்து எழுதுவது எனக்குக் கோபம் வரவழைக்கிறது. 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் கேட்டது இந்த உரிமையைத்தான். வழி வேறு, காலம் வேறு. நம் கடலில் யார் கப்பல் ஓடலாம் என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வி மாறவில்லை.

மும்பை கவர்னர் சார்லஸ் பூன் 1717இல் கான்ஹோஜியின் விஜயதுர்க் கோட்டையையும் அடுத்த ஆண்டு காந்தேரித் தீவையும் தாக்கிப் பார்த்தார். இரண்டும் விழவில்லை. கடைசியில் 1721இல் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும் கை கோத்தார்கள். இங்கிலாந்து அரசின் போர்க்கப்பல்களோடு கமடோர் மாத்யூஸ் வந்தார். இந்தக் கடற்கரையில், இப்போது இளநீரும் பேல்பூரியும் விற்கும் இதே மணலில், படைகள் வந்து நின்றன. குலாபா விழவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷாஹு மன்னர் அனுப்பிய மராத்தா குதிரைப்படை வந்து சேர்ந்ததும் கூட்டணி கலைந்தது. போர்த்துக்கீசியர் தனியாகச் சமாதானம் பேசிக்கொண்டு போனார்கள்.

மலைநாடும் கடல்நாடும் அன்று ஒன்றாக நின்றதற்குப் பின்னால் ஒரு பேச்சுவார்த்தை இருக்கிறது. ஷாஹு மன்னருக்கு எதிர்ப்பக்கம் நின்ற கான்ஹோஜியை 1714 வாக்கில் பாலாஜி விஸ்வநாத் என்ற பேஷ்வா, அதாவது மன்னரின் முதன்மை அமைச்சர், பேசி இணங்க வைத்தார். பேசிய இடம் லோணாவளா. இன்று நாம் சிக்கி வாங்க வண்டியை நிறுத்துகிற அதே லோணாவளா.

இனி வருவதுதான் எனக்கு உறுத்துகிற பகுதி. கான்ஹோஜிக்குப் பிறகு பிள்ளைகளுக்குள் சண்டை வந்தது. மானாஜிக்குக் குலாபா, சம்பாஜிக்குத் தெற்குக் கரை என்று வீடு இரண்டாகியது. தெற்கே சம்பாஜிக்குப் பின் வந்த துளாஜி யாருக்கும் அடங்காதவர், பேஷ்வாவையும் மதிக்கவில்லை. அப்போது பேஷ்வா நானாசாகேப், பாலாஜி விஸ்வநாத்தின் பேரன். புனேவில் பார்வதி மலைக்கோயிலைக் கட்டியவர். அந்த மலையிலேயே உயிரை விட்டவர். அவர் துளாஜியை அடக்க ஆங்கிலேயரைத் துணைக்கு அழைத்தார். 1755இல் துளாஜியின் சுவர்ணதுர்க் கோட்டை போனது. 1756 பிப்ரவரியில் அட்மிரல் வாட்சன் கடல்வழியாக வந்தார், கூடவே ராபர்ட் கிளைவ். பேஷ்வாவின் படை நிலத்தில் நின்றது. விஜயதுர்க் துறைமுகத்தில் ஒரு கப்பலில் பிடித்த தீ பக்கத்துக் கப்பலுக்குத் தாவி, துளாஜியின் கப்பற்படை முழுவதும் எரிந்துபோனது. கோட்டைக்குள் ஆங்கிலேயர்தான் முதலில் புகுந்தார்கள். அடுத்த ஆண்டு அதே வாட்சனும் கிளைவும் வங்காளத்தில் இருந்தார்கள். பிளாசி அங்கே நடந்தது.

துளாஜி நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய கொடுமைகளைப் பற்றி மராத்தியிலேயே புகார்கள் உண்டு. ஆனால் அண்ணன் தம்பிச் சண்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு வீட்டுக்கு நெருப்பு வைத்த கதை இது. குதிரையில் வடமேற்கே அட்டக் வரை போன அரசுக்கு, அதற்கப்புறம் ஆங்கிலேயரைக் கடலில் தடுக்க ஒரு பலம் இல்லாமல் போயிற்று. புனேவின் கட்கியில் குடியிருக்கும் நான், 1817இல் பேஷ்வாக்கள் கம்பெனியிடம் தோற்ற போர் எங்கள் தெருக்களுக்கு அருகில்தான் நடந்தது என்பதை அடிக்கடி நினைப்பேன். அந்தத் தோல்வியின் விதை விஜயதுர்க்கில் விழுந்தது என்பது என் எண்ணம். புனேவில் பேஷ்வாக்களின் வாடா மாளிகைகளைக் காட்ட எத்தனையோ நடைப்பயணங்கள் நடக்கின்றன. அவற்றில் எதிலும் இந்தக் கதையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கான்ஹோஜியின் சமாதி அலிபாக் ஊருக்குள்ளேயே இருக்கிறது. செதுக்கு வேலை கொண்ட கல் மண்டபம். கடற்கரையில் நூற்றுக்கணக்கில் ஆள் இருந்த அந்த ஞாயிறு, சமாதியில் நாங்களும் ஒரு வயதான தம்பதியும் மட்டும். கான்ஹோஜி 1720இல் கட்டிய ஹிராகோட் கோட்டை சிறைச்சாலையாக இருக்கிறது, வெளியிலிருந்து சுவரைப் பார்த்துவிட்டு வரலாம். இந்தியக் கடற்படை மறக்கவில்லை: மும்பையில் உள்ள தளத்துக்கு 1951இல் ஐஎன்எஸ் ஆங்ரே என்று பெயர் வைத்தது.

கடற்கரைக்குப் பக்கத்தில் வேலி போட்ட ஓர் அமைதியான வளாகம் உண்டு. பலரும் கவனிக்காமல் கடந்து போகிறார்கள். புவிகாந்த ஆய்வகம். மும்பை கொலாபாவில் 1841 முதல் பூமியின் காந்தப்புலத்தைத் தொடர்ந்து அளந்து வந்தார்கள். 1859 செப்டம்பரில் சூரியனிலிருந்து வந்த பெரும் காந்தப்புயலை, உலகில் மிகச் சில இடங்களே பதிவு செய்த அந்தப் புயலை, கொலாபாவின் கருவிகள் பதிவு செய்தன. பிறகு மும்பையில் டிராம் வண்டிகளை மின்சாரத்தில் ஓட்டத் திட்டம் வந்தது. மின்சாரம் அளவைக் கெடுக்கும் என்பதால் டிராம் வருவதற்கு முன்பே 1904இல் அளவீட்டை அலிபாகுக்கு மாற்றினார்கள். இரும்பே கலக்காத கட்டடம்: போர்பந்தர் கல், மரம், பித்தளை, செம்பு. இரண்டு ஆண்டுகள் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் அளந்து, கணக்கு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டார்கள். இதை நடத்தும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்துக்கு நம் திருநெல்வேலியிலும் ஒரு மையம் இருக்கிறது. காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டை ஒட்டிப் போவதால் அந்த இடம். டிராம்கள் மும்பையை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அளவீடு மட்டும் நிற்கவில்லை. இந்த வேலியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வருகிறது.

நாங்கள் தங்கியது நாகாவ் பக்கம், தென்னையும் பாக்கும் நிற்கும் தோப்புக்குள் ஒரு வீட்டில். வீட்டுக்கார மாவ்ஷி அரிசிமாவு பாக்ரியும் பொரித்த பொம்பிலும் சுர்மயிக் குழம்பும் வைத்தார். சுர்மயி நம் வஞ்சிரம். பொம்பில் மட்டும் அப்பாவுக்குப் பழக்கமில்லை, எலும்பே தெரியாமல் கரைகிறதே என்று வியந்தார். கடைசியில் சோல் கடி, கோகமும் தேங்காய்ப்பாலும் கலந்த இளஞ்சிவப்புப் பானம். காரத்தை அடக்க அதற்கு இணை கிடையாது. ராத்திரி தோட்டத்தில் போபட்டி வைத்தார்கள்: மண்பானைக்குள் பாம்புர்டா தழை பரப்பி, மொச்சை வகையான வால் காய்களை ஓமமும் உப்பும் சேர்த்து அடுக்கி, வாயைத் தழையாலேயே அடைத்து, பானையைக் கவிழ்த்து, மேலே சருகு போட்டு எரிப்பது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. அந்தத் தழை வாசத்துக்காகவே பனிக்காலத்தில் ராய்கட் மாவட்டத்துக்கு வரலாம்.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது அப்பா தென்னைகளைப் பார்த்து, “எல்லாம் இளம் கண்ணா இருக்கே?” என்றார். மாவ்ஷியின் கணவர் சொன்னார்: நிசர்கா. 2020 ஜூன் 3 அன்று அந்தப் புயல் அலிபாகுக்குத் தெற்கே கரையேறியது. கொரோனா ஊரடங்கு வேறு. பகலிலேயே வந்து, பல ஆண்டு வளர்த்த மரங்களைச் சாய்த்துவிட்டுப் போய்விட்டது. நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, அப்பா “கஜா” என்று ஒரே சொல் சொன்னார். 2018 நவம்பர் 16 விடியுமுன் வேதாரண்யம் பக்கத்தில் கரையேறிய கஜாவில் எங்கள் தோப்பும் போனது. அதற்கப்புறம் இருவருக்கும் நான் தேவைப்படவில்லை. ஒருவர் தமிழில் கேட்டார், மற்றவர் மராத்தியில் சொன்னார். விழுந்த மரத்தை அறுக்க ஆள் கிடைத்ததா, நட்ட கன்று எப்போது காய்க்கும், பாக்கு திரும்ப வர எத்தனை வருஷம் என்று கையாலேயே பேசி முடித்தார்கள்.

மறுநாள் மீன் ஏலத்தில் கோளி மீனவப் பெண்கள். கூடையைச் சுற்றி விலை ஏறும் வேகம் எனக்குப் பிடிபடவில்லை, அப்பாவுக்குப் பிடிபட்டது. மீன்பிடித் தடை இங்கே ஜூன், ஜூலை. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. தடை முடிந்து, ஆவணிப் பௌர்ணமியில் கடலுக்குத் தேங்காய் கொடுக்கிறார்கள், நாரளி பூர்ணிமா. திரும்பும் வழியில் ஜடை பின்னியதுபோலக் கட்டித் தொங்கவிட்ட அலிபாக் வெள்ளை வெங்காயம் வாங்கினோம். புவிசார் குறியீடு பெற்றது, காரம் குறைவு, பச்சையாகவே தின்னலாம்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிளம்பும் முன் அந்த நாளின் ஓத நேரத்தைப் பாருங்கள். ஏற்ற நேரத்தில் நடந்து போக முயல வேண்டாம், படகு உண்டு. நடந்து போனால் வண்டிக்காரர் திரும்பு என்றதும் திரும்பிவிட வேண்டும். மழைக்காலத்தில் கோட்டையைக் கரையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

வானம் தெளிந்திருந்தால் குலாபா மதிலிலிருந்து வடக்கே காந்தேரி தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கிய மராத்தாக் கோட்டைகள் பன்னிரண்டில் அதுவும் ஒன்று. சுவர்ணதுர்க், விஜயதுர்க் இரண்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம் செஞ்சியும் இருக்கிறது. ராஜாராம் மொகலாயரிடமிருந்து தப்பி வந்து மராத்தா அரசையே நடத்திய செஞ்சி. கான்ஹோஜி கடலில் தலையெடுத்ததும் அதே 1690களில்தான். இதை அப்பாவிடம் சொன்னதும், “அப்ப அந்தக் கப்பலெல்லாம் எரிஞ்ச இடத்தையும் பாத்துடணும்மா” என்றார். விஜயதுர்க் புனேவிலிருந்து பகல் முழுக்க ஓட்ட வேண்டிய தூரம். மழை விட்டதும் அவரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். லோணாவளா வழி வேண்டாம், கோலாப்பூர் பக்கமாக மலையிறங்கலாம் என்று வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறேன்.